கடதாசியில் எஞ்சிய ஓர் ஆட்சி – சிசிலியின் அடிலெய்ட்

உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் கற்போர் அனைவரும் அல் இத்ரீஸியின் பெயரை அறிவர். மத்திய காலத்தின் தலைசிறந்த உலகப்படத்தை வரைந்த புவியியலாளர் அவர். அவரது நூலைச் சுருக்கமாக 'கிதாப் ருஜார்', அதாவது 'ரோஜரின் நூல்' என்பார்கள். ஒரு முஸ்லிம் அறிஞரின் நூலுக்கு ஏன் ஒரு கிறிஸ்தவ மன்னனின் பெயர் வந்தது? அந்நூலை எழுதப் பணித்துப் பொருளுதவி செய்தவன் சிசிலித் தீவின் மன்னன் இரண்டாம் ரோஜர் என்பதே அதற்கான விடை. பாடக்குறிப்பு அத்துடன் முடிந்துவிடுகிறது.

ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. தந்தை இறக்கும்போது இந்த ரோஜருக்கு வயது ஐந்து. அந்தச் சிறுவனுக்காக நாட்டைக் கட்டிக்காத்தவர் யார்? அறபு மொழியும் கிரேக்க மொழியும் அருகருகே எழுதப்படும் ஓர் அரண்மனையில் அவனை வளர்த்தவர் யார்? அவனது தாய் அடிலெய்ட். ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் சிசிலியை ஆண்ட இப்பெண்மணி, பெரும்பாலான நூல்களில் 'ரோஜரின் மனைவி', 'ரோஜரின் தாய்' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறார். அவரைப் பற்றிச் சற்று விரிவாக அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிசிலியும் நோர்மன்களும்

சிசிலி இத்தாலியின் தென்கோடியில், மத்தியதரைக் கடலின் நடுவே அமைந்த தீவு. கி.பி. 827இல் வட ஆபிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படை அங்கு கரையிறங்கியது. 831இல் பலெர்மோ நகரம் முஸ்லிம்களின் வசமானது. அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அத்தீவில் முஸ்லிம்களின் ஆட்சி நிலவியது. பள்ளிவாசல்கள் எழுந்தன. நீர்ப்பாசன வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. எலுமிச்சையும் கரும்பும் பயிராயின.

நோர்மன்கள் என்போர் பிரான்ஸின் வடக்கே நோர்மண்டியில் குடியேறிய வடபுலத்து வீரர்களின் வழித்தோன்றல்கள். அங்கே ஓத்வில் என்னும் சிறிய ஊரில் டான்கிரெட் என்பவருக்குப் பல ஆண்மக்கள் இருந்தனர். எல்லோருக்கும் பங்கிட நிலம் போதவில்லை. எனவே அவர்கள் வாளோடு தென்னித்தாலிக்குப் போனார்கள். அவர்களுள் ஒருவர் ரோபர்ட் கிஸ்கார்ட், மற்றொருவர் அவரது தம்பி ரோஜர். 1061இல் சிசிலி மீது போர் தொடங்கியது. 1072இல் பலெர்மோ வீழ்ந்தது. 1091இல் இறுதி நகரமான நோட்டோவும் பணிந்தது. தம்பி ரோஜரே சிசிலியின் பிரபுவானார். வரலாறு அவரை முதலாம் ரோஜர் என்கிறது.

ஐம்பத்தெட்டு வயதுப் பிரபுவின் இளம் மனைவி

அடிலெய்ட் பிறப்பால் நோர்மன் அல்லர். அவர் வட இத்தாலியின் லிகூரியப் பகுதியை ஆண்ட தெல் வாஸ்தோ குடும்பத்தின் மகள். தந்தை பெயர் மன்ஃபிரெட். 1074ஆம் ஆண்டளவில் பிறந்தவராகக் கருதப்படுகிறார். 1089இல் முதலாம் ரோஜர் அவரை மணந்தபோது ரோஜரின் முன்னைய மனைவியர் இருவரும் இறந்திருந்தனர். மணமகனுக்கு வயது ஐம்பத்தெட்டளவில். மணமகளோ நம்மைவிட ஓரிரு வயது இளையவர்.

இது இரு குடும்பங்களுக்கிடையிலான உடன்படிக்கை. அடிலெய்டின் சகோதரன் ஹென்றி, ரோஜரின் மகள் ஒருத்தியை மணந்து சிசிலியில் பெரும் நிலங்களைப் பெற்றார். அவர்களைத் தொடர்ந்து வட இத்தாலியக் குடிகள் பலர் தீவுக்கு வந்து குடியேறினர். சிசிலியின் சில ஊர்களில் இன்றும் வட இத்தாலியச் சாயலுள்ள பேச்சுமொழி வழங்குவதற்கு இக்குடியேற்றமே காரணம். அந்த மணப்பெண்ணின் விருப்பம் என்ன என்று எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

1093இல் சைமன் பிறந்தான். 1095 டிசம்பரில் இளைய ரோஜர் பிறந்தான். அதற்கு ஒரு மாதத்திற்கு முன்னர்தான் பாப்பரசர் இரண்டாம் ஏர்பன் பிரான்ஸில் முதலாம் சிலுவை யுத்தத்திற்கு அழைப்பு விடுத்திருந்தார். அந்த அழைப்பின் விளைவுகள் பிற்காலத்தில் இந்தக் குடும்பத்தின் வாசற்படி வரை வரவிருந்தன.

பதினொரு ஆண்டுப் பதிலாட்சி

1101 ஜூனில் முதலாம் ரோஜர் மிலேட்டோ நகரில் இறந்தார். வாரிசான சைமனுக்கு வயது எட்டு. அரசுரிமை உடையவர் சிறுவராக இருக்கும்போது அவர் சார்பில் இன்னொருவர் நாட்டை ஆள்வதே பதிலாட்சி எனப்படும். இருபதுகளின் பிற்பகுதியில் இருந்த விதவை அடிலெய்ட் அப்பொறுப்பை ஏற்றார். 1105இல் சைமனும் இறந்தான். மூத்த பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய், இளையவனுக்காக ஆட்சியைத் தொடர்ந்தார்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி அலெக்சாந்தர் என்னும் துறவி ஒரு சுவையான சம்பவத்தைச் சொல்கிறார். சிறுவர் இருவரும் நாணயங்களை வைத்து விளையாடிச் சண்டையிட்டார்களாம். தம்பி ரோஜரே வென்றானாம். "நாடாள்வதற்கு நானே பொருத்தமானவன். உன்னை ஒரு பிஷப்பாகவோ பாப்பரசராகவோ ஆக்கிவிடுகிறேன்" என்னும் பொருளில் அண்ணனைக் கேலி செய்தானாம். மன்னனான பின் எழுதப்பட்ட கதை என்பதால் இதில் புகழ்ச்சி கலந்திருக்கலாம். ஆயினும், ஏழைகள் கேட்டால் கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு, மேலும் கொடுக்கத் தாயிடம் போய் நிற்கும் ரோஜரையும் அதே துறவி காட்டுகிறார்.

வெளியே நிலைமை எளிதாக இருக்கவில்லை. குதிரையும் வாளும் வைத்திருந்த நோர்மன் பிரபுக்கள் ஒரு பெண்ணுக்கும் ஒரு சிறுவனுக்கும் அடங்கிப் போவார்களா? கலகங்கள் எழுந்தன. அவற்றை அடிலெய்ட் அடக்கினார். தொலைவிலுள்ள நோர்மண்டியில் இருந்து எழுதிய ஓர்டெரிக் என்னும் துறவி, அடிலெய்ட் தன் மருமகனிடம் ஆட்சியைக் கொடுத்துப் பின்னர் அவனுக்கு நஞ்சூட்டிக் கொன்றார் என்று ஒரு கதை எழுதியிருக்கிறார். சிசிலிக்கு அருகில் வாழ்ந்தவர்களின் ஏடுகளில் அதற்கு ஆதாரமில்லை. எனவே இன்றைய ஆய்வாளர்கள் அதனை வதந்தியாகவே கருதுகின்றனர். ஒரு பெண் திறம்பட ஆண்டால் அதற்குப் பின்னால் சூழ்ச்சி இருக்கவேண்டும் என்று எண்ணும் வழக்கம் மிகப் பழையது போலும்.

அடிலெய்ட் தன் நிர்வாகத்திற்குப் பிரபுக்களை மட்டும் நம்பியிருக்கவில்லை. கிரேக்க மொழி பேசும் கிறிஸ்தவர்களையும் அறபு மொழி அறிந்த எழுத்தர்களையும் அரண்மனையில் அமர்த்தினார். அவருடைய முதன்மை அதிகாரியான கிறிஸ்தோதுலோஸ் கிரேக்க மரபினர். ஆனால் அவருடைய பதவிப் பெயரோ 'அமீர்'! அறபுச் சொல்லான இதுவே சிசிலி வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, கடற்படைத் தளபதியைக் குறிக்கும் 'அட்மிரல்' என்ற சொல்லாக மாறியது.

ஆட்சியின் மையத்தையும் அவர் படிப்படியாக மாற்றினார். இத்தாலிய நிலப்பரப்பில் இருந்த மிலேட்டோவை விட்டு முதலில் மெசினாவுக்கும், பின்னர் முஸ்லிம்கள் காலத்துத் தலைநகரான பலெர்மோவுக்கும் அரசவை சென்றது. 1112இல் அந்நகரிலேயே ரோஜர் வீரப்பட்டம் பெற்று ஆட்சியைக் கையேற்றான். அப்போது அவனுக்கு வயது பதினாறு.

ஐரோப்பாவின் மிகப் பழைய கடதாசி

அடிலெய்டின் ஆட்சிக்குச் சாட்சியாக ஓர் அரிய பொருள் இன்றும் பலெர்மோவின் அரச ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அது 1109ஆம் ஆண்டு அவர் அனுப்பிய கடிதம். அறபிலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்டது. இன்று என்னா என்று வழங்கும், அக்காலத்துக் கஸ்ட்ரோஜொவானிப் பகுதி அதிகாரிகளுக்கு, சான் ஃபிலிப்போ மடாலயத்தின் துறவிகளைப் பாதுகாக்கும்படியும் அவர்களுக்குத் தொந்தரவு ஏற்படாமல் பார்த்துக்கொள்ளும்படியும் அது பணிக்கிறது.

விடயம் சிறியது. ஆனால் அது எழுதப்பட்ட பொருளே அதற்குப் பெருமை சேர்க்கிறது. அக்கால ஐரோப்பா தோலில்தான் எழுதியது. கடதாசி செய்யும் கலை சீனாவிலிருந்து முஸ்லிம் உலகுக்கு வந்து, பக்தாத், கெய்ரோ என்று பயணப்பட்டு மத்தியதரைக் கடலைச் சேர்ந்தது. அடிலெய்டின் அலுவலகம் அந்தக் கடதாசியைப் பயன்படுத்தியது. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கடதாசி ஆவணமாக இக்கடிதமே பொதுவாகக் கருதப்படுகிறது.

கடதாசி நிலைக்காது என்று அக்காலத்தவர் அஞ்சினர். அடிலெய்டின் காலத்துக் கடதாசி ஆவணம் ஒன்றை மகன் ரோஜரே பின்னர் தோலில் மறுபடி எழுதுவித்தான். அடிலெய்டின் கொள்ளுப்பேரன் இரண்டாம் பிரெடரிக் 1231இல் முக்கிய ஆவணங்களைக் கடதாசியில் எழுதக்கூடாது என்று சட்டமே இயற்றினான். அப்படியிருந்தும் கொள்ளுப்பாட்டியின் கடதாசி ஒன்பது நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அறபு எழுத்துகளைக் கண்டு, முஸ்லிம்கள் அங்கே சமமாக வாழ்ந்தார்கள் என்று மகிழ்ந்துவிட முடியாது. அவர்கள் தோற்கடிக்கப்பட்ட மக்கள். ஒருகாலத்தில் முஸ்லிம் அரசுகள் பிற மதத்தவரிடம் பெற்ற ஜிஸ்யா வரியை, இப்போது முஸ்லிம்களே நோர்மன்களுக்குச் செலுத்தினர். 'ஜரீதா' எனப்பட்ட பட்டியல்களில் முஸ்லிம் குடியானவர்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டு, நிலத்தோடு சேர்த்துத் தேவாலயங்களுக்கும் பிரபுக்களுக்கும் கொடுக்கப்பட்டன. நூறாண்டு சென்றபின் நிலைமை மேலும் மோசமானது. எஞ்சிய சிசிலி முஸ்லிம்களை இரண்டாம் பிரெடரிக் இத்தாலியின் லுசேரா நகருக்கு நாடு கடத்தினான். அடிலெய்டின் காலம் இந்த இரு துயரங்களுக்கும் இடைப்பட்ட காலம். அறபு தெரிந்தவனின் அறிவு அரசுக்குத் தேவை என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதற்கு மேல் அவரைப் புகழ்வது மிகையாகும்.

ஜெருசலேமின் அரசி

மகன் ஆளத் தொடங்கியதும் அடிலெய்டின் பணி முடிந்தது. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அந்நேரத்தில்தான் ஜெருசலேமில் இருந்து திருமணத் தூது வந்தது.

நாம் பைத்துல் முகத்தஸ் என்று போற்றும் அந்நகரை 1099இல் சிலுவை வீரர்கள் பெரும் படுகொலையோடு கைப்பற்றியிருந்தனர். அங்கு அரசனாயிருந்த முதலாம் போல்ட்வினிடம் பணமில்லை, போதிய படையுமில்லை. சிசிலியின் விதவையோ பெருஞ்செல்வம் உடையவர். ஆனால் போல்ட்வினுக்கு ஏற்கெனவே ஆர்மீனிய மனைவி ஒருத்தி இருந்தாள். அவளை அவன் முறைப்படி விலக்காமல் கன்னிமடத்துக்கு அனுப்பியிருந்தான்.

அடிலெய்ட் விவேகமாகவே ஒப்பந்தம் பேசினார். போல்ட்வினுக்கும் தனக்கும் பிள்ளை பிறந்தால் அப்பிள்ளை ஜெருசலேமை ஆளும். பிறக்காவிட்டால் தன் மகன் ரோஜருக்கே அவ்வரசு சேரவேண்டும். போல்ட்வின் அதற்கு உடன்பட்டான்.

1113இல் அடிலெய்டின் கப்பல்கள் ஆக்ரா துறைமுகத்தை அடைந்தன. பொன், வெள்ளி, பட்டு, தானியம், ஆயுதம் என்று கப்பல்கள் நிறைந்திருந்ததாகவும், பாய்மரம் பொன்னால் மின்னியதாகவும் ஆல்பர்ட் என்னும் ஏடெழுதுநர் வர்ணிக்கிறார். அரசனுக்கு அன்பளிப்பாக வந்த முஸ்லிம் வில்வீரர்களும் அக்கப்பல்களில் இருந்ததாக அவர் சொல்கிறார். சிலுவை அரசனுக்குச் சிசிலி முஸ்லிம்கள் சீதனமாக அனுப்பப்பட்டதை வாசிக்கையில் மனம் கனக்கிறது.

அச்செல்வம் போல்ட்வினின் கடன்களைத் தீர்க்கவும் படைக்குச் சம்பளம் கொடுக்கவும் பயன்பட்டது. சில ஆண்டுகள் சென்றன. பிள்ளை பிறக்கவில்லை. போல்ட்வின் கடும் நோயுற்றபோது பிரபுக்களும் மதகுருமாரும் விழித்துக்கொண்டனர். அவன் இறந்தால் சிசிலியின் ரோஜர் அல்லவா அரசனாவான்! அப்போதுதான், உயிரோடிருக்கும் ஆர்மீனிய மனைவியின் நினைவு அவர்களுக்கு வந்தது. இந்தத் திருமணத்தை முன்னின்று நடத்திய ஜெருசலேமின் தலைமை மதகுரு ஆர்னுல்ஃபே, தன் பதவியைக் காத்துக்கொள்ள, அத்திருமணம் செல்லாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. 1117இல் அடிலெய்ட் திருப்பி அனுப்பப்பட்டார். செலவழிந்த செல்வம் திரும்பவில்லை.

மஹர் மனைவியின் உரிமை, அவளது சொந்தச் சொத்தில் கணவனுக்குப் பங்கில்லை என்று நாம் மார்க்கத்தில் கற்கிறோம். அந்தச் சட்டத்தின் அருமை இத்தகைய சம்பவங்களைப் படிக்கும்போதுதான் விளங்குகிறது. அடிலெய்டின் ஒப்பந்தம் மகனின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசியது. அவருடைய சொந்தப் பாதுகாப்புக்கு அதில் இடமிருக்கவில்லை. அவரையும் அந்த ஆர்மீனியப் பெண்ணையும் ஒருவன் தன் வசதிக்கேற்ப மனைவி என்றும் மனைவியல்ல என்றும் சொல்லிக்கொண்டான். எழுத்தில் எதையும் பெற்றுக்கொள்வது நல்லது. ஆனால் அதை மதிக்கும் மனிதரும், மதிக்கவைக்கும் நீதியும் இல்லையென்றால் எழுத்து மட்டும் என்ன செய்யும்?

சிசிலிக்குத் திரும்பிய அடிலெய்ட் 1118 ஏப்ரல் 16இல் இறந்தார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஏப்ரல் 2இல், எகிப்துப் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் போல்ட்வினும் இறந்திருந்தான். பாட்டி என்னும் கடலோர நகரத்தில் அடிலெய்ட் அடக்கம் செய்யப்பட்டார். பதினாறாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட அவரது கல்லறைப் பேழை அங்குள்ள தேவாலயத்தில் இருக்கிறது.

தாய்க்கு நேர்ந்த அவமானத்தை மகன் மறக்கவில்லை. மேற்கின் கிறிஸ்தவ அரசர்கள் பலரும் ஜெருசலேமுக்கு உதவியபோதும் சிசிலி அரசர் மட்டும் உதவவில்லை என்று, பல தசாப்தங்களின் பின் எழுதிய டயர் நகரத்து வில்லியம் வருந்துகிறார்.

தாயின் வழியில்

1130இல் ரோஜர் சிசிலியின் முதல் மன்னனாக முடிசூடினான். அவனுக்காக ஹிஜ்ரி 528இல் பலெர்மோவில் நெய்யப்பட்ட செந்நிற அரச மேலங்கியின் ஓரத்தில் கூஃபி எழுத்தில் அறபு வாசகம் உண்டு. இன்று அது வியன்னாவில் காட்சிக்கு இருக்கிறது. 1154இல் அல் இத்ரீஸி தன் நூலை நிறைவு செய்தார். அதே ஆண்டு ரோஜர் இறந்தான்.

அந்தக் குடும்பத்தில் பதிலாட்சி செய்த பெண் அடிலெய்ட் மட்டுமல்லர். அவரது பேரன் முதலாம் வில்லியம் 1166இல் இறந்தபோது, மனைவி மார்கரெட் சிறு மகனுக்காக ஆண்டார். பேத்தி கொன்ஸ்டன்ஸ் 1197இல் விதவையாகி, தன் குழந்தை பிரெடரிக்குக்காகச் சிசிலியை ஆண்டார். பட்டத்துக்கு உரியவர்கள் ஆண்கள். ஆனால் பட்டம் அந்த ஆண்களின் கை வரும்வரை அது சிதறாமல் காத்தவர்கள் மூன்று பெண்கள்.

அல் இத்ரீஸியின் நூலில் நமது தீவும் 'ஸரன்தீப்' என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது. பயணிகளின் வாய்மொழியையும் பழைய நூல்களையும் கொண்டு அவர் எழுதியது அது. ஸரன்தீபின் மன்னனுக்குப் பதினாறு ஆலோசகர்கள் உண்டு, அவர்களில் நால்வர் அவனது சொந்த மதத்தவர், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர் என்கிறார் அவர். பல மொழியும் பல மதமும் கூடிய பலெர்மோ அரண்மனையில் இருந்து எழுதிய ஒருவருக்கு, தொலைதூரத் தீவு ஒன்றின் அவையில் இச்செய்தி குறிப்பிடத்தக்கதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இனி வகுப்பில் அல் இத்ரீஸியின் படத்தை விரிக்கும்போது, அதில் நம் தீவைத் தேடுவதோடு மத்தியதரைக் கடலின் நடுவே உள்ள அச்சிறு தீவையும் ஒருமுறை பாருங்கள். மகனின் பெயர் நூலின் தலைப்பில் இருக்கிறது. தாயின் பெயர் ஒரு துண்டுக் கடதாசியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த வரலாறு முழுமை பெறுகிறது.